குளிர்காலம் முடிந்து எடுத்த 1996 மியாட்டாவில் 'டிக் டிக்' சத்தம்: டேப்பெட்டா, ராடு பேரிங்கா?

கேள்வி

வணக்கம். என்னிடம் 1996ஆம் ஆண்டு மஸ்டா மியாட்டா இருக்கிறது. 1.8 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். இதுவரை 1,68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டொராண்டோவுக்கு வடக்கே மார்க்கமில் வசிப்பதால், சாலையில் உப்புத் தூவத் தொடங்கும் நவம்பரில் காரை மூடி நிறுத்திவிட்டு, வசந்த கால மழை அந்த உப்பைக் கழுவிய பிறகு ஏப்ரலில்தான் வெளியே எடுப்பேன். மூன்று ஆண்டுகளாக இப்படித்தான் செய்து வருகிறேன்; இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை.

இந்த ஆண்டு முதல் முறை ஸ்டார்ட் செய்தவுடனேயே எஞ்சினின் மேல்பகுதியிலிருந்து, சிறு சுத்தியலால் இரும்பில் தட்டுவது போன்ற, ஒரே சீரான 'டிக் டிக்' ஒலி கேட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் தட்டலின் வேகமும் கூடுகிறது. இருபது நிமிடம் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஒலி பாதியாகக் குறைகிறதே தவிர முற்றிலும் மறைவதில்லை. இழுவிசையில் குறை தெரியவில்லை, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, ஆயில் பிரஷர் முள் வழக்கம்போல் நடுவில் நிற்கிறது.

அருகிலுள்ள ஒரு பணிமனைக்குக் கொண்டுசென்றேன். பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் கேட்டவர், பிஸ்டனை அடியிலுள்ள தண்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டது, எஞ்சினையே மாற்ற வேண்டும் என்றார். அவர் எந்தச் சோதனையும் செய்யாமல் சொன்னதால் என் மனம் அதை ஏற்கவில்லை. அதே சமயம் அவர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால், ஓட்டி ஓட்டி நானே எஞ்சினைக் கெடுத்துவிடுவேனோ என்ற அச்சமும் இருக்கிறது.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். பழைய எஞ்சினுக்குக் கெட்டியான ஆயில் நல்லது என்று நண்பர் ஒருவர் கூறியதால், சென்ற அக்டோபரில் ஆயில் மாற்றும்போது 20டபிள்யூ-50 ஊற்றினேன். ஃபில்டரும் அப்போதே புதிதாகப் போட்டேன். கடையில் கிடைத்தவற்றில் விலை குறைந்தது அது. இது வால்வுகளை அழுத்தும் டேப்பெட்டின் சத்தமா, ராடு பேரிங்கின் சத்தமா என்று எஞ்சினைக் கழற்றாமலேயே பிரித்தறிய வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1

தம்பி, கோயம்புத்தூரில் முப்பது ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மகன் வாங்கிய இதே வகைக் காரை இரண்டு முறை முழுதாகப் பிரித்துச் சேர்த்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் விவரங்களை வைத்துப் பார்த்தால் இது டேப்பெட் சத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் என் ஊகத்தை நம்பி வண்டியை எடுத்துவிட வேண்டாம். ராடு பேரிங் இல்லை என்று உறுதியாகும் வரை நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள்.

முதலில் அந்த ஆயில் பிரஷர் முள்ளை நம்புவதை விடுங்கள். 1994 வரை வந்த மியாட்டாக்களில் அந்த முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டியது. 1995 முதல் அதற்குப் பின்னால் இருப்பது வெறும் சுவிட்ச்தான்: குறைந்தபட்ச அழுத்தம் வந்துவிட்டால் முள் நடுவுக்குப் போய் நின்றுகொள்ளும், அதன்பின் அழுத்தம் பாதியாக விழுந்தாலும் அசையாது. ஆகவே உங்கள் 1996 வண்டியில் முள் நடுவில் நிற்பது எதற்கும் சான்று அல்ல. சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டிச் சூடான எஞ்சினில் அழுத்தத்தை அளந்து பாருங்கள். 1,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கான சுற்றுகள்) சுமார் 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) இருந்தால் கவலையில்லை என்பது பணிமனைகளில் வழிவழியாக வரும் கணக்கு.

இனிச் சத்தத்துக்கு வருவோம். எதைத் திறப்பதற்கும் முன்னால் தட்டலை எண்ணுங்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். உங்கள் எஞ்சினின் ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது உள்ள வேகம், 850 ஆர்பிஎம். எனவே கேம்ஷாஃப்ட் நிமிடத்துக்கு 425 சுற்று. ஒரே ஒரு டேப்பெட் அடித்தால் நொடிக்கு ஏழு தட்டல் கேட்கும். ராடு பேரிங்கோ கிராங்க்ஷாஃப்ட்டின் வேகத்தில், நொடிக்குப் பதினான்கு முறை அடிக்கும். கைப்பேசியில் பதிவு செய்து, வேகத்தைக் கால் பங்காகக் குறைத்துக் கேட்டால் எண்ணிவிடலாம். ஸ்பார்க் பிளக் பொறி விடும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் இருந்தால் இன்னும் எளிது. இந்த வண்டியில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் கம்ப்ரெஷன் முடிவில் ஒருமுறை, எக்ஸாஸ்ட் முடிவில் ஒருமுறை என்று கிராங்க்ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றிலும் பொறி விடுகிறது. ஆகவே முதல் சிலிண்டர் வயரில் லைட்டைக் கவ்வ வைத்தால், ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு தட்டல் கேட்டால் அது கீழ்ப்பகுதி (ராடு பேரிங்), இரண்டு மின்னலுக்கு ஒரு தட்டல் என்றால் மேல்பகுதி (டேப்பெட்).

அடுத்தது இடம். மெக்கானிக்குகள் பயன்படுத்தும் ஸ்டெதஸ்கோப் விலை அதிகமில்லை. அது இல்லையென்றால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினிலும் கைப்பிடியைக் காதோரத்து எலும்பிலும் வைத்துக் கேளுங்கள். வால்வு கவரின் போல்ட் தலைகள் ஒவ்வொன்றிலும், பிறகு எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தட்டான ஆயில் பேனிலும், பிறகு பிளாக்கின் பக்கத்திலும் வைத்து ஒப்பிட வேண்டும். அலுமினிய கவர் ஒலியைப் பெரிதாக்கிப் பரப்பும் என்பதால் ஒரே இடத்தில் கேட்டு முடிவு செய்யக் கூடாது. சட்டைக் கை, சால்வை, தலைமுடி எதுவும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே போகக் கூடாது. காரேஜின் கதவு முழுவதும் திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவது சோதனை, பாரத்தைக் குறைப்பது. ராடு பேரிங் அடிக்கும் சிலிண்டரில் எரிப்பை நிறுத்தினால் அந்த அடி தணிந்துவிடும். டேப்பெட் சத்தம் அப்படியே இருக்கும். பிளக் வயரைப் பிடுங்கிச் செய்வது பழைய பழக்கம். அப்படிச் செய்தால் இக்னிஷன் காயிலுக்கும் கேடு, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதற்கும் கேடு. அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிவிடுவதே சரியான முறை.

இந்த மூன்றையும் செய்துவிட்டு எழுதுங்கள். காதால் கேட்டதைக் கணக்காலும் கையாலும் உறுதி செய்யாமல் எஞ்சினைக் கழற்றச் சொல்வது எனக்கு உடன்பாடில்லாத செயல்.

மறுமொழி 2

பெரியவர் சொன்ன எண்ணும் முறை மிக நல்லது. ஆனால் அதில் ஒரு குழி உண்டு. அதில் நானே விழுந்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன். நான் லண்டனுக்கு அருகே இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1992ஆம் ஆண்டு 1.6 லிட்டர் வண்டி, இங்கே அதன் பெயர் எம்எக்ஸ்-5. எக்ஸாஸ்ட் மானிஃபோல்டின் (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாய்) கேஸ்கட் ஓரிடத்தில் விட்டுப்போய், ஒரு சிலிண்டரின் புகை மட்டும் அதன் வழியே கசிந்தாலும், அதுவும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் 'டிக்' என்று அடிக்கும். ஏனெனில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிகிறது. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் டேப்பெட்டும் எக்ஸாஸ்ட் கசிவும் இரட்டைப் பிள்ளைகள். நான் நான்கு மாதம் டேப்பெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் மானிஃபோல்டின் ஸ்டட் ஒன்று முறிந்திருந்தது.

வேறுபாடு பாரத்தில் தெரியும். மேட்டில் ஏறும்போது எக்ஸாஸ்ட் கசிவின் ஒலி கூர்மையாகி, காலை எடுத்ததும் ஏறக்குறைய மறைந்துவிடும். டேப்பெட் பாரத்தைப் பற்றிக் கவலைப்படாது. குளிர்ந்த எஞ்சினில் மானிஃபோல்டின் இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்த கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றை வெளியே ஊதும் வசதியுள்ள வாக்குவம் கிளீனரின் குழாயைச் சைலன்சரின் வாயில் துணி சுற்றிப் பொருத்தி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். எஞ்சினை ஓடவிடாமலேயே செய்யலாம் என்பதால் கை சுடும் அச்சமும் இல்லை.

இன்னும் இரண்டு சிறு ஐயங்களையும் தீர்த்துக்கொள்ளலாம். கிளட்ச் பெடலை மிதித்ததும் ஒலி மாறினால், குறை எஞ்சினில் இல்லை, கிளட்ச் பேரிங்கிலோ கியர்பாக்ஸிலோ இருக்கிறது. பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வும் 'டிக் டிக்' என்றுதான் இயங்கும். அதன் கனெக்டரைக் கழற்றியதும் ஒலி நின்றால் கவலையே வேண்டாம், அது அதன் இயல்பு.

இதைப் படிக்கும் பழைய 1.6 லிட்டர் வண்டிக்காரர்கள் யாரேனும் இருந்தால், முன்பக்க கிராங்க் புல்லியில் உள்ள பிளவுகளை எண்ணிப் பாருங்கள். நான்கு பிளவு என்றால் கிராங்க்ஷாஃப்ட்டின் மூக்குப் பகுதி குட்டையான தொடக்க கால எஞ்சின். அதில் நடு போல்ட் தளர்ந்து சாவிப் பள்ளம் தேய்வதும் சத்தத்துக்கு ஒரு காரணம். எட்டுப் பிளவு இருந்தாலோ, 1.8 லிட்டராக இருந்தாலோ அந்தக் கவலை இல்லை.

கேட்டவர்

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதற்காகவே செலவிட்டேன்.

பதிவை மெதுவாக்கி மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் நொடிக்கு ஏழு. நண்பரிடமிருந்து டைமிங் லைட் வாங்கிப் பார்த்தபோதும் இரண்டு மின்னலுக்கு ஒரு தட்டல்தான். ஸ்டெதஸ்கோப்பில் ஆயில் பேன் அருகே வழக்கமான இரைச்சல் மட்டுமே கேட்டது. வால்வு கவரில் எக்ஸாஸ்ட் பக்கம், மூன்றாவது சிலிண்டருக்கு மேல் வைத்தபோது காதில் அறைவது போல் அடித்தது. மூன்றாம் இன்ஜெக்டரைக் கழற்றியபோது எஞ்சின் குலுங்கியது, தட்டல் மட்டும் மாறவில்லை. சோப்பு நீரில் குமிழி எதுவும் வரவில்லை. மானிஃபோல்டில் கரிக்கோடும் இல்லை. கிளட்ச், பர்ஜ் வால்வு இரண்டாலும் மாற்றமில்லை.

கேஜ் மாட்டியதில் சூடான ஐடிலிங்கில் 20 பிஎஸ்ஐயும், 3,000 ஆர்பிஎம்மில் 50 பிஎஸ்ஐக்குச் சற்று மேலும் காட்டியது. டிப்ஸ்டிக்கில் ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில் நிற்கிறது. ஆக, ராடு பேரிங் என்ற அச்சம் எனக்கு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. ஆனால் ஒரு குழப்பம்: இந்த எஞ்சினில் டேப்பெட் அட்ஜஸ்ட் செய்யும் ஸ்க்ரூவோ ஷிம்மோ (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) இல்லை என்கிறார்கள். அப்படியானால் எதைச் சரிசெய்வது?

மறுமொழி 3

நான் கார்களுக்கான வால்வு பாகங்கள் செய்யும் தொழிலில் வடிவமைப்புப் பொறியாளராக இருந்தவன். உங்கள் கேள்வி என் வேலைக்கு நெருக்கமானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் எஞ்சினில் பதினாறு வால்வுகளுக்கும் டேப்பெட்டாக இருப்பவை ஆயிலால் இயங்கும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள். கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒவ்வொரு லிஃப்டருக்குள்ளும் ஒரு சிறு பிஸ்டன், அதன் அடியில் ஆயில் நிற்கும் அறை, அந்த அறைக்குள் ஆயிலை உள்ளே விட்டு வெளியே விடாத கடுகளவு குண்டு வால்வு ஒன்று, இவ்வளவும் இருக்கின்றன. ஆயில் அழுந்திச் சுருங்காது. ஆகவே அறை நிறைந்திருக்கும் வரை லிஃப்டர் இரும்புக் கட்டியைப் போல் நின்று, கேமுக்கும் வால்வுக்கும் இடையே இடைவெளியே இல்லாமல் பார்த்துக்கொள்ளும். 1999 முதல் வந்த இரண்டாம் தலைமுறை 1.8 எஞ்சினில் இதை எடுத்துவிட்டு ஷிம் வைத்த திட லிஃப்டருக்கு மாறினார்கள். உங்களுடையது அதற்கு முந்தியது என்பதால்தான் ஸ்க்ரூவும் இல்லை, ஷிம்மும் இல்லை.

அறையில் ஆயிலுக்குப் பதில் காற்று புகுந்தால் கதை மாறிவிடும். காற்று சுருங்கும், பிஸ்டன் அமுங்கும், கேமின் மேடு கிண்ணத்தை மெல்லத் தள்ளாமல் ஓங்கித் தட்டும். நீங்கள் கேட்பது அந்தத் தட்டலே. ஐந்து மாதம் வண்டி நின்றபோது, கேமின் மேடு அழுத்திக்கொண்டிருந்த லிஃப்டர்களிலிருந்து ஆயில் மெல்ல வடிந்திருக்கும். இது எல்லா ஆண்டும் நடந்திருக்கும். ஆனால் ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் மீண்டும் நிரம்பியிருக்கும். இந்த ஆண்டு நிரம்பாமல் போனதற்கு, ஊற்றிய ஆயிலையே நான் முதலில் ஐயுறுவேன். 20டபிள்யூ என்ற வகையின் குளிர்நிலைச் சோதனை கழித்தல் 15 பாகையில் நடக்கிறது; 5டபிள்யூ வகைக்கு அதே சோதனை கழித்தல் 30 பாகையில். அதாவது ஒன்டாரியோவின் வசந்த காலக் காலையில் இரண்டுக்கும் இடையே பாகுக்கும் பாலுக்கும் உள்ள வேறுபாடு இருக்கும். லிஃப்டருக்குப் போகும் துளைகள் மிகச் சிறியவை. கெட்டியான ஆயில் அவற்றில் தாமதமாகப் புகும், உள்ளே சிக்கிய காற்றையும் எளிதில் வெளியே தள்ளாது. பழைய எஞ்சினுக்குக் கெட்டி ஆயில் என்ற அறிவுரை, தேய்ந்து அழுத்தம் விழுந்த எஞ்சினுக்கு வெப்ப நாட்டில் பொருந்தலாம். அழுத்தம் நன்றாக இருக்கும் ஹைட்ராலிக் லிஃப்டர் எஞ்சினுக்குக் குளிர் நாட்டில் அது தீங்கையே செய்யும்.

ஃபில்டரையும் பாருங்கள். நிறுத்திய எஞ்சினிலிருந்து ஆயில் பின்னோக்கி வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் மடல் நல்ல ஃபில்டர்களில் இருக்கும். அது இல்லாமலோ விறைத்துப்போயோ இருந்தால், ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் பம்ப் முதலில் ஃபில்டரை நிரப்பிவிட்டுத்தான் மேலே ஆயிலை அனுப்பும்.

எனவே பழைய ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்து மினுமினுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரை அறுத்து அதன் மடிப்புகளையும் விரித்துப் பாருங்கள். பேரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒன்றும் இல்லையென்றால் 5டபிள்யூ-30 ஆயிலும், மடல் உள்ள ஃபில்டரும் போட்டு, எஞ்சின் சூடானதும் 2,500 ஆர்பிஎம் அளவில் பத்து நிமிடம் நிலையாக ஓடவிடுங்கள். அளவுக் குறிக்கு மேல் ஆயில் ஊற்றிவிடாதீர்கள். கிராங்க்ஷாஃப்ட் அதை நுரையாக்கினால் மீண்டும் காற்றுதான் லிஃப்டருக்குள் போகும். புட்டியில் விற்கும் கழுவு திரவங்களை இப்போது சேர்க்க வேண்டாம். முதலில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து அதன் விளைவைப் பார்க்க வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

கேட்டவர்

பழைய ஆயிலில் மினுமினுப்பு இல்லை. ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். உலோகத் துகள் ஒன்றும் இல்லை, ஆனால் உள்ளே இருந்த ரப்பர் மடல் பிளாஸ்டிக்கைப் போல் விறைத்து, ஒரு பக்கம் மடங்கிப் போயிருந்தது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பொறியாளர் ஐயா சொன்னபடியே ஓடவிட்டேன். குளிர்ந்த எஞ்சினில் கேட்ட சத்தம் பெருமளவு குறைந்துவிட்டது. இரண்டு வாரம் ஓட்டிய பிறகும், மூன்றாம் சிலிண்டருக்கு மேல் மெல்லிய தட்டல் ஒன்று மட்டும் விடாமல் நிற்கிறது. கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு என்னிடம் சீட்டு எதுவும் இல்லை என்பதையும் இப்போதுதான் கவனித்தேன்.

மறுமொழி 1

நல்லது தம்பி, பெல்ட்டுக்குச் சீட்டு இல்லை என்றால் அதை மாற்றியே ஆக வேண்டும். லிஃப்டரை எடுக்கக் கேம்ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும், அதற்குப் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே நாளில் முடித்துவிடுங்கள். உங்கள் எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதாது என்பது ஓர் ஆறுதல். ஆனாலும் நடுவழியில் நிற்க வேண்டிவரும்.

கேம் மூடிகளின் போல்ட்டுகளைப் படிப்படியாக, கையேட்டில் உள்ள வரிசையில் தளர்த்துங்கள். ஒன்றை மட்டும் முழுதாகக் கழற்றினால் கேம்ஷாஃப்ட் வளைந்துவிடும். ஒவ்வொரு லிஃப்டரும் எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதே குழிக்கே திரும்ப வேண்டும். பதினாறு அறை உள்ள தட்டில் எண் போட்டு, ஆயிலில் மூழ்க வைத்திருங்கள். உள் பிஸ்டனை விரலால் அழுத்திப் பாருங்கள்: நல்ல லிஃப்டர் அசையாது, கெட்டது பஞ்சு போல் அமுங்கும். திரும்பப் பூட்டிய பிறகு, அரை மணி நேரமாவது காத்திருந்து, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் டைமிங் குறிகள் சேர்கின்றனவா என்று சரிபார்த்த பின்னரே ஸ்டார்ட்டரைத் தொடுங்கள். நிரம்பிய லிஃப்டர் வால்வைத் திறந்தபடியே பிடித்திருக்கும்; அது அடங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

கேட்டவர்

வேலை முடிந்தது. மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் பக்க லிஃப்டர்கள் இரண்டில் ஒன்று விரலுக்கு அமுங்கியது, அடுத்திருந்தது அசையவில்லை. அமுங்கியதை மட்டும் புதிதாக மாற்றி, டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம் சீல்கள் ஆகியவற்றையும் புதிதாகப் போட்டேன். முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது பதினாறு லிஃப்டரும் சேர்ந்து ஒரு நிமிடம் கடகடவென்று அடித்தன. ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி, இன்ஜெக்டர்களின் மெல்லிய ஒலி மட்டும் மிஞ்சியது. இன்று காலை 4 பாகைக் குளிரில் எடுத்தபோது மூன்று நொடி தட்டிவிட்டு நின்றது. அந்த மூன்று நொடியைப் பற்றி நான் கவலைப்பட வேண்டுமா?

மறுமொழி 3

வேண்டாம். ஆயில் மேலே ஏறிச் சேரும் நேரம் அது. பத்து நொடியைத் தாண்டத் தொடங்கினால் முதலில் ஆயில் அளவையும் ஃபில்டரையும் பாருங்கள்.